சரக்கு வண்டியின் பின் அச்சில் இரைச்சலும் உதறலும்: காரணமும் பரிகாரமும்

தாமிரபரணிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியில் ஏரல், ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வட்டாரங்களில் விளையும் வாழைத்தாரும் வெற்றிலையும் காய்கறியும் இன்று பெரும்பாலும் சிறு சரக்கு வண்டிகளிலேயே சந்தைக்குப் போகின்றன. ஒரு காலத்தில் மாட்டு வண்டி செய்த வேலையை இப்போது பிக்கப் வண்டியும், மக்கள் 'குட்டி யானை' என்று அழைக்கும் சிறு வண்டியும் செய்கின்றன. சிறு விவசாயிகளில் பலர் இவற்றைப் பழைய வண்டியாகவே வாங்குகிறார்கள். சொந்த விளைச்சல் இல்லாத நாட்களில் அக்கம்பக்கத்தார் சரக்கை ஏற்றி வாடகையும் ஈட்டுகிறார்கள்.

வெட்டிய தார் காத்திருக்காது. கிள்ளிய வெற்றிலை அடுத்த நாள் வரை தாங்காது. இரவில் சரக்கு ஏற்றிப் புறப்பட்ட வண்டி நடு வழியில் நின்றுவிட்டால் வண்டிச் செலவோடு விளைச்சலின் பலனும் போய்விடும்.

அவ்வாறு நின்று போகும் வண்டிகளில் பல, பின் அச்சிலிருந்து வெகு நாட்களாகவே சத்தம் கொடுத்து எச்சரித்தவையாக இருக்கும். "பழைய வண்டி என்றால் சத்தம் வரத்தானே செய்யும்" என்று சிலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. வேறு சிலர் சத்தம் கேட்டவுடனே பட்டறைக்கு ஓட்டிச் சென்று, நன்றாக இருக்கும் பாகத்தையும் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் நஷ்டமே. சத்தம் எப்போது வருகிறது என்பதையும், உள்ளே உள்ள எண்ணெய் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் முதலில் பார்த்துவிட்டால், கோளாறு எண்ணெயோடு முடியுமா, பேரிங் வரை போயிற்றா, பற்சக்கரம் வரை போயிற்றா என்பதைப் பெரும்பாலும் விவசாயியே அறிந்துகொள்ளலாம்.

டிபரன்ஷியல் செய்யும் வேலை

களத்தில் சூடடிக்கும்போது மாடுகளைப் பிணையல் போட்டுச் சுற்றவிடுவதை விவசாயிகள் அறிவார்கள். பிணையல் ஒன்றுதான். ஆயினும் உள்ளே நிற்கும் மாடு சிறு வட்டத்தில் மெல்லத் திரும்பும். ஓரத்து மாடு பெரிய வட்டத்தில் வேகமாக நடக்கும். வண்டி திரும்பும்போதும் இதே நிலைதான். உட்புறச் சக்கரம் குறைந்த தூரமும் வெளிப்புறச் சக்கரம் அதிக தூரமும் ஓட வேண்டும். மாட்டு வண்டியில் ஒவ்வொரு சக்கரமும் அச்சில் தனித்தனியே சுழல்வதால் இதில் சிரமம் இல்லை. இஞ்சின் விசையால் சுழலும் சக்கரங்களுக்கு அந்தச் சுதந்திரத்தைத் தருவதற்காக 1820களில் பிரான்சு நாட்டில் உருவாக்கப்பட்டதே டிபரன்ஷியல் என்னும் அமைப்பு.

இஞ்சின் விசை ஜாயிண்ட் ராடு எனப்படும் புரொப்பல்லர் ஷாப்டு வழியாகப் பின்னால் வருகிறது. அதன் முனையில் உள்ள பினியன் என்னும் சிறு பற்சக்கரம், கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியனில் 9 பற்களும் கிரவுனில் 41 பற்களும் இருந்தால், பினியன் ஏறக்குறைய நாலரை முறை சுற்றும்போது சக்கரம் ஒரு முறை சுற்றும். வேகம் குறைந்து இழுவிசை கூடுவது இங்கேதான். கிரவுனோடு சேர்ந்து சுழலும் கூட்டுக்குள் ஸ்டார் பினியன்களும் சன் கியர்களும் இருக்கின்றன. நேர் சாலையில் ஸ்டார் பினியன்கள் தம் ஊசியில் சுழலாமல் கூட்டோடு மட்டும் சுற்றிவரும். வண்டி திரும்பும்போது மட்டுமே அவை உருண்டு வேக வித்தியாசத்தைச் சரிக்கட்டும்.

எண்ணெயே உயிர்

பல பிக்கப் வண்டிகளில் பினியன், கிரவுனின் மையத்துக்குச் சற்றுக் கீழே அமைந்திருக்கும். ஆகவே பற்கள் ஒன்றன்மீது ஒன்று உருளுவதோடு மிகுந்த அழுத்தத்தில் சறுக்கவும் செய்கின்றன. சாதாரண இஞ்சின் ஆயில் இந்த அழுத்தத்தைத் தாங்காது. அதனால்தான் கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த 'ஜி.எல்.-5' தர கியர் ஆயிலை இங்கே விடச் சொல்கிறார்கள். பொதுவாக 80டபிள்யூ-90 அல்லது 85டபிள்யூ-140 என்ற கனம் குறிக்கப்பட்டிருக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் உள்ளதையே பின்பற்ற வேண்டும். இந்த ஆயிலைக் கியர் பாக்ஸிலும் விடலாம் என்று கருதக்கூடாது. பல கியர் பாக்ஸ்களுக்கு 'ஜி.எல்.-4' தரமே குறிக்கப்பட்டிருக்கும். பித்தளைப் பாகங்கள் உள்ள பெட்டிக்குத் தவறான ஆயில் கேடு செய்யும்.

2023 வெள்ளம் தரும் பாடம்

2023 டிசம்பர் 18ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைவிட அதிகமான மழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. வயலும் வாழைத்தோட்டமும் வீடும் மூழ்கின. வாசலிலும் தோட்டத்திலும் நின்ற வண்டிகளும் மூழ்கின.

இத்தகைய வெள்ளத்தில் இஞ்சினுக்குள் நீர் புகுந்தால் வண்டி கிளம்பாது, உடனே தெரிந்துவிடும். டிபரன்ஷியலுக்குள் நீர் புகுந்தாலோ வண்டி வழக்கம்போல் ஓடும். கேடு பிறகுதான் வெளிவரும். இது நேர்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. பின் அச்சின் மேற்புறத்தில் 'பிரீதர்' எனப்படும் ஒரு சிறிய மூச்சுத்துளை இருக்கிறது. நீர்மட்டம் அதற்கு மேல் நின்றால் துளை வழியே நீர் கசிந்து இறங்கும். இரண்டாவது வழி, சூடான அச்சோடு வண்டி திடீரென்று நீரில் இறங்குவது. உள்ளே உள்ள காற்று குளிர்ந்து சுருங்கும்போது மூச்சுத்துளை வழியாகவும், தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். நிறைந்து ஓடும் ஓடையையோ தரைப்பாலத்தையோ ஒரு முறை கடந்தாலும் இது நேரலாம்.

நீர் கலந்த எண்ணெய் பற்களுக்கு இடையே நிற்காது. பேரிங் உருளைகளில் துரு பிடித்து நுண்ணிய குழிகள் விழும். சில மாதங்கள் சென்றபின் 'ஊம்' என்ற இரைச்சல் கிளம்பும்போது, வெள்ளத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பு பலருக்கும் நினைவில் இராது. உப்பளங்களும் கடற்காற்றும் உள்ள இவ்வட்டாரத்தில் உப்பும் சேற்றுமண்ணும் மூச்சுத்துளையை அடைத்துவிடுவதும் உண்டு. அடைபட்டால் அச்சு சூடேறும்போது உள்ளே அழுத்தம் கூடி, ஆயில் சீல் வழியாகப் பிரேக் டிரம்முக்குள் எண்ணெய் கசியும். பிரேக் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். இது உயிருக்கே ஆபத்து.

சத்தத்தைக் கொண்டு இடத்தை அறிதல்

சரக்கு ஏற்றாத வண்டியில், போக்குவரத்து இல்லாத நேர் சாலையில், ஒருவர் ஓட்ட மற்றொருவர் காது கொடுத்துக் கேட்பது நல்லது. கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. முதலில் டயர் சத்தமா என்று பார்க்க வேண்டும். தார்ச் சாலையில் ஒரு மாதிரியும் சிமெண்டுச் சாலையில் வேறு மாதிரியும் கேட்டால் அது பெரும்பாலும் டயர் சத்தமே. சாலை மாறினாலும் சத்தம் மாறாவிட்டால் அச்சைச் சந்தேகிக்கலாம்.

2. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஊளையிடுவது போன்ற சத்தம் கூடி, காலை எடுத்தவுடன் குறைந்தால், கிரவுனும் பினியனும் பொருந்துவதில் கோளாறு இருக்கலாம். காலை எடுத்து வண்டி தானாக ஓடும்போது சத்தம் கூடினால், பினியன் பேரிங் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

3. மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் கூடும் 'கொரகொர' என்ற இரைச்சல் பேரிங்கைக் காட்டும். வண்டியை மெல்ல இடப்புறம் வளைக்கும்போது பாரம் வலப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. அப்போது இரைச்சல் கூடினால் வலப்பக்கச் சக்கர பேரிங்கையும், எதிர்ப்புறம் வளைக்கும்போது கூடினால் இடப்பக்கச் சக்கர பேரிங்கையும் பார்க்க வேண்டும்.

4. திரும்பும்போது மட்டும் 'கடக் கடக்' என்று கேட்டால் ஸ்டார் பினியன், சன் கியர் அல்லது அவற்றின் ஊசி தேய்ந்திருக்கலாம்.

5. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு ஒரு தட்டு வீதம் ஒழுங்காகக் கேட்டால் கிரவுனில் ஒரு பல் பழுதாகியிருக்கலாம். ஒரு சுற்றுக்கு நான்கைந்து தட்டுகள் கேட்டால் பினியன் பல்லைச் சந்தேகிக்க வேண்டும். இவ்விரண்டு சத்தங்களும் கேட்டபின் வண்டியை ஓட்டக்கூடாது. ஒடிந்த பல் இடையில் சிக்கினால் பின் சக்கரங்கள் ஓட்டத்திலேயே இறுகிவிடும்.

6. கிளம்பும்போதும் கியர் மாற்றும்போதும் 'டொக்' என்று ஒரே ஓர் அடி விழுந்தால், கிராஸ் ஜாயிண்டு தேய்மானத்தையும் பட்டையின் யூ-போல்ட்டுத் தளர்ச்சியையும் முதலில் பார்க்க வேண்டும்.

உதறல் எங்கிருந்து வருகிறது?

பின்புறம் உதறினால் டிபரன்ஷியல்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. நின்ற நிலையிலிருந்து பாரத்தோடு கிளம்பும்போது, கிளட்சைப் பாதி விட்ட நிலையில் மட்டும் உதறினால் கிளட்சு பிளேட்டைப் பார்க்க வேண்டும். ஓடத் தொடங்கியபின் இழுக்கும்போது உதறினால் சென்டர் பேரிங்கின் ரப்பர், கிராஸ் ஜாயிண்டு, யூ-போல்ட்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கினால் ஜாயிண்ட் ராடு அல்லது சக்கரத்தின் சமநிலை கெட்டிருக்கலாம். ராடில் சேறு அப்பிக் காய்ந்திருந்தாலும் இந்த நடுக்கம் வரும். கழுவினாலே நின்றுவிடும்.

அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவதும் ஒரு காரணம். பட்டை படுத்துவிட்டால் ஜாயிண்டுகள் நிற்க வேண்டிய கோணம் மாறி உதறல் தொடங்கும். ஜாயிண்ட் ராடைக் கழற்றுமுன் இரு பக்கமும் பெயிண்டால் கோடு போட்டுக்கொண்டு, பூட்டும்போது அதே கோட்டில் பூட்ட வேண்டும். மாற்றிப் பூட்டினால் நல்ல ராடும் உதறும்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் ஓடும் பல பிக்கப் வண்டிகளில், சக்கரம் வழுக்குவதைத் தடுக்கக் கிளட்சுத் தகடுகள் வைத்த டிபரன்ஷியல் உண்டு. அவற்றில் தகுந்த சேர்மானம் கலந்த ஆயில் விடாவிட்டால் மெல்லத் திரும்பும்போது உதறும். ஆயிலை மாற்றியதும் பெரும்பாலும் சரியாகிவிடும். நம் வட்டாரத்துச் சிறு சரக்கு வண்டிகளில் இவ்வமைப்பு சாதாரணமாக இராது. வண்டியில் இருக்கிறதா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே செய்யும் சோதனை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை கொடுக்க வேண்டும். பின்புறத்தை ஜாக்கியால் தூக்கிய பிறகு, பலமான ஸ்டாண்டுகளில் உட்கார வைத்த பின்பே அடியில் கை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையக் கூடாது. ஒரு சக்கரம் மட்டும் மேலே நிற்கும்போது இஞ்சினை இயக்கிக் கியர் போடுவதும் கூடாது. தரையில் உள்ள சக்கரத்துக்கும் விசை போவதால் வண்டி ஜாக்கியை விட்டுப் பாயும்.

இஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில், கைப்பிரேக்கை விட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுழற்ற வேண்டும். மற்றொரு கையை அச்சுக் குழாயின்மேல் வைத்தால், பேரிங் கெட்டிருந்தால் மணல் அரைபடுவது போன்ற சொரசொரப்பு கைக்குத் தெரியும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஜாயிண்ட் ராடைப் பிடித்து ஆட்ட வேண்டும். கிராஸ் ஜாயிண்டில் சிறு ஆட்டமும் இருக்கக் கூடாது. பினியன் நுழையும் இடத்தில் உள்ள பிளாஞ்சு சுழலும்போது சற்று இடைவெளி தெரிவது இயல்பு. ஆனால் அது மேலும் கீழுமாக அசைந்தால் பினியன் பேரிங் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

இரண்டு பின் டயர்களும் ஒரே அளவிலும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்திலும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் புது டயரும் மறுபக்கம் மொட்டை டயரும் போட்டால், நேர் சாலையிலும் ஸ்டார் பினியன்கள் ஓயாமல் உருண்டு தேயும்.

எண்ணெய் சொல்லும் செய்தி

டிபரன்ஷியலின் மேல் பிளக்கைத் திறந்தால் எண்ணெய் துளையின் விளிம்பு வரை இருக்க வேண்டும். விரலை உள்ளே விட்டு மடக்கினால் எண்ணெய் உடனே படவேண்டும். குறைந்திருந்தால் கசிவைத் தேட வேண்டும்.

எண்ணெயின் நிறம் தேன் போலவோ கறுத்தோ தெளிவாக இருந்தால் நீர் இல்லை எனலாம். பால் விட்ட காப்பி போல் வெளுத்துக் கலங்கியிருந்தால் நீர் கலந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால், வெட்டவெளியில் ஒரு பழைய தகரத்தைச் சூடாக்கி, எட்ட நின்று, ஒரு சொட்டு எண்ணெயை அதில் விட வேண்டும். கடுகு தாளிப்பது போல் சடசடவென்று பொரிந்தால் நீர் உண்டு. சமையல் பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

கீழ்ப் பிளக்கில் பெரும்பாலும் ஒரு காந்தம் இருக்கும். அதில் மை போன்ற மெல்லிய கறுப்புப் பசை ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். பளபளக்கும் செதில்கள் இருந்தால் பேரிங்கோ பல்லோ உரியத் தொடங்கிவிட்டது. பல்லின் துண்டே கிடைத்தால் அச்சைப் பிரித்தே ஆக வேண்டும்.

எண்ணெய் மாற்றும் முறை

முதலில் மேல் பிளக்கைத் திறந்து பார்த்த பிறகே கீழ்ப் பிளக்கைக் கழற்ற வேண்டும். உப்புக் காற்றில் துருப்பிடித்த மேல் பிளக் திறக்காமல் போனால், எண்ணெயை வடித்துவிட்டு மறுபடி விட வழியின்றி வண்டி முடங்கும். சாதாரண நாட்களில் சில கிலோமீட்டர் ஓட்டி எண்ணெயைச் சூடாக்கி வடித்தால் அழுக்கு முழுவதும் வரும். பிளக்கின் காந்தத்தைத் துடைத்து, தேய்ந்த வாஷரை மாற்றிப் பூட்டி, துளையின் விளிம்பு மட்டத்துக்குப் புது எண்ணெய் விட வேண்டும். சிறு சரக்கு வண்டிகளுக்கு ஒன்று முதல் இரண்டரை லிட்டர் வரை தேவைப்படலாம். சரியான அளவு கையேட்டில் இருக்கும். மட்டத்துக்கு மேல் விடுவதால் நன்மை இல்லை. எண்ணெய் நுரைத்துச் சீல் வழியாக வெளியேறும்.

கையேட்டில் குறித்த கிலோமீட்டர் சாதாரண ஓட்டத்துக்கு உரியது. பாரம், மணல், நீர் மூன்றும் சேரும் வண்டிக்கு அதில் பாதித் தூரத்திலேயே மாற்றிவிடுவது நலம். வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டக் கூடாது. டப்பாவில் சேர்த்துப் பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்துவிட வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு

அச்சு மூழ்கும் அளவுக்கு நீர் நின்றிருந்தால், வண்டியை ஓட்டிப் பார்ப்பதோ இழுத்துச் செல்வதோ கூடாது. முதலில் எண்ணெயைப் பார்க்க வேண்டும். ஓர் இரவு அசையாமல் நின்ற வண்டியில் நீர் அடியில் தங்கியிருக்கும். கீழ்ப் பிளக்கைத் தளர்த்தினால் முதலில் நீரும் பிறகு எண்ணெயும் வரும். முழுவதையும் வடித்துவிட்டு, அதே தரத்து எண்ணெயை விட்டு, பாரமின்றி மெதுவாக நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி மறுபடி வடிக்க வேண்டும். வெளுப்பு தெரிந்தால் இன்னொரு முறை செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் வழக்கம் சரியன்று. அது உள்ளே தங்கிப் புது எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும். சக்கர பேரிங்குகளையும் கழற்றிப் பார்த்துப் புது கிரீஸ் வைக்க வேண்டும். கிராஸ் ஜாயிண்டுகளில் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புது கிரீஸ் அடிக்க வேண்டும்.

வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கேட்கலாம். ஆகவே, கழற்றுமுன் படம் எடுத்து, கம்பெனிக்குத் தெரிவித்துவிட வேண்டும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் சொந்த வண்டிச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது.

மழைக்கு முன்பே செய்யக்கூடிய எளிய பாதுகாப்பு ஒன்று உண்டு. மூச்சுத்துளையில் எண்ணெய்க்குத் தாங்கும் ரப்பர் குழாயைப் பொருத்தி, மறுமுனையைச் சரக்குத் தட்டுக்கு அடியில் உயரமான இடத்தில், வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டிவிடலாம். அச்சு மேலும் கீழும் ஆடும்போது இழுபடாத அளவுக்குக் குழாயில் தளர்ச்சி இருக்க வேண்டும்.

தேரி மணலில் கவனம்

திருச்செந்தூர், உடன்குடிப் பக்கம் தேரிச் செம்மணலில் முருங்கையும் பனம்பொருளும் ஏற்றச் செல்லும் வண்டிகளில் ஒரு பின் சக்கரம் புதைந்து மற்றது வீணாகச் சுழல்வது வழக்கம். அப்போது சுழலும் சக்கரம் இயல்பைவிட இரு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. எப்போதாவது மெல்ல உருளவேண்டிய ஸ்டார் பினியன்கள் ஊசியின்மேல் வெகுவேகமாகச் சுழன்று, எண்ணெய்ப் படலம் அறுந்து உராய்கின்றன. சுழலும் சக்கரம் திடீரென்று கெட்டித் தரையைப் பிடித்தால், அந்த அதிர்ச்சியில் பல்லோ ஆக்சிலோ ஒடியலாம்.

எனவே சக்கரம் சுழலத் தொடங்கியதும் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட வேண்டும். மணலை வாரிவிட்டு, பனை மட்டையோ பலகையோ சாக்கோ போட்டு, பாரத்தைக் குறைத்து, மெதுவாக எடுக்க வேண்டும். பத்து நிமிட மண்வெட்டி வேலை ஒரு டிபரன்ஷியலைக் காப்பாற்றும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

சோதனையில் பேரிங் அல்லது பற்சக்கரக் கோளாறு என்று தெரிந்தால் அது அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை. ஆயினும் வண்டிக்காரர் சிலவற்றைக் கவனித்துக் கேட்டு வாங்க வேண்டும்.

கிரவுனும் பினியனும் ஜோடியாகவே செய்யப்படுபவை. ஒன்று கெட்டாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இரண்டிலும் பொறித்துள்ள ஜோடி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பழைய கிரவுனுக்குப் புதுப் பினியன் போட்டால் இரைச்சல் தீராது.

பற்களுக்கு இடையே விடவேண்டிய இடைவெளி பல வண்டிகளில் 0.13 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை. ஏறக்குறைய இரண்டு தலைமயிர்களின் கனம். இதைக் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. டயல் கேஜ் வைத்தே அளக்க வேண்டும். பிறகு பற்களில் வண்ணப் பசை தடவிச் சுழற்றி, அழுத்தத் தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். தடம் ஓரத்தில் விழுந்தால் ஷிம் மாற்றிச் சரிசெய்ய வேண்டும்.

பினியன் நட்டைக் கண்டபடி இறுக்கிச் சத்தத்தையோ கசிவையோ நிறுத்த முயல்வது பெருந்தவறு. பல வண்டிகளில் நட்டின் இறுக்கத்தால் நசுங்கும் ஒரு குழல் உள்ளே இருக்கிறது. அதிகம் இறுக்கினால் குழல் மேலும் நசுங்கி, பேரிங் இறுகிச் சூடேறிக் கருகும். பிரித்துப் பூட்டும்போது அக்குழலும் நட்டும் ஆயில் சீலும் புதிதாகப் போட வேண்டும்.

புது ஜோடி போட்டபின் முதலில் இருபது முப்பது கிலோமீட்டர் பாரமின்றி ஓட்டி ஆறவிட வேண்டும். அடுத்த 500 கிலோமீட்டருக்குப் பாதிப் பாரமே ஏற்ற வேண்டும். 800 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை ஒரு முறை மாற்றிவிட வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோருக்கு

இரைச்சலிடும் டிபரன்ஷியலுக்குள் மரத்தூளையோ வாழைப்பழத்தையோ போட்டுச் சத்தத்தை அடக்கி விற்றுவிடுவது பழைய வண்டி வியாபாரத்தில் பல நாடுகளிலும் சொல்லப்படும் பழைய தந்திரம். சில நாள் சத்தம் அடங்கும்; பிறகு பேரிங்குகள் எண்ணெயின்றி வெந்துபோகும். ஆகவே முன்பணம் கொடுக்குமுன் மேல் பிளக்கைத் திறந்து எண்ணெயைப் பார்க்க வேண்டும். புது எண்ணெய் மட்டுமே இருந்தால் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். 2023 வெள்ளத்தில் நின்ற வண்டியா என்றும் விசாரித்துக்கொள்வது நலம். இருக்கைகளுக்கு அடியிலும் தரைவிரிப்புக்குக் கீழும் வண்டல் படிந்திருந்தால் அதுவே சாட்சி.

டிராக்டர் வைத்திருப்போருக்கும் இக்கருத்துகள் பெரும்பாலும் பொருந்தும். தொளியடித்தபின் பின் அச்சு எண்ணெயில் வெளுப்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பல டிராக்டர்களில் கியர், டிபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய் என்பதால் அதன் தரம் வேறாக இருக்கும். டிபரன்ஷியல் லாக்கைப் போட்டுக்கொண்டு திரும்பக் கூடாது.

நினைவில் கொள்ள வேண்டியவை

வாரந்தோறும்: அச்சிலும் சக்கரங்களின் உட்புறத்திலும் எண்ணெய்க் கசிவு, டயர் காற்று ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உப்புப் பகுதியில் ஓடிய வண்டியின் அடிப்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

மாதந்தோறும்: கிராஸ் ஜாயிண்டுக்கு கிரீஸ் அடித்து, யூ-போல்ட்டுகளை இறுக்கி, மூச்சுத்துளையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

புரட்டாசியில்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் டிபரன்ஷியல் எண்ணெயின் மட்டத்தையும் நிறத்தையும் பார்த்து, சீல் கசிந்தால் மாற்ற வேண்டும்.

தை பிறந்ததும்: மழை ஓய்ந்தபின் மறுபடி ஒரு முறை எண்ணெயைப் பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

நோய் தாக்கிய வாழையில் முதல் இலை பழுக்கும்போதே கவனிக்கும் விவசாயி தோட்டத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார். பின் அச்சின் முதல் இரைச்சலும் அப்படிப்பட்டதே. அந்த நேரத்தில் கவனித்தால் ஒரு டப்பா எண்ணெயோடும் ஒரு பேரிங்கோடும் செலவு முடிந்துவிடும். தள்ளிப் போட்டால் கிரவுன், பினியன், ஆக்சில் என்று வளர்ந்து, ஒரு போகத்து லாபத்தையே கொண்டுபோகும்.